பஞ்ச காலத்தில் டால்ஸ்டாய்

லியோ டால்ஸ்டாய் என்றதும் ‘போரும் அமைதியும்’, ‘அன்னா கரீனினா’ ஆகிய பெரு நாவல்களே நினைவுக்கு வரும். அவற்றைப் படைத்த அதே கை, 63ஆம் வயதில் பசித்த உழவர்களின் பெயர்ப் பட்டியலையும் மாமூட்டைக் கணக்கையும் எழுதியது என்பதைப் பலர் அறியார். மாணவச் செல்வங்கள் அறியவேண்டிய அவ்வரலாற்றை இங்கே கூற விழைகின்றோம்.

ரஷ்யாவின் தூலா மாகாணத்தில், யாஸ்னயா பொல்யானா என்னும் ஊரில், 1828ஆம் ஆண்டு பிரபுக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். இரண்டு வயது நிறையுமுன் தாயையும் ஒன்பது வயது நிறையுமுன் தந்தையையும் இழந்தார். அக்காலத்து ரஷ்ய உழவர் நிலத்தோடு பிணைக்கப்பட்ட அடிமைகளாய் இருந்தனர். 1859இல் தம் ஊரிலே உழவர் பிள்ளைகளுக்குப் பாடசாலை ஒன்றை அமைத்து, அச்சமும் தண்டனையுமின்றித் தாமே கற்பித்தார். 1861இல் பண்ணையடிமை முறை ஒழிந்தது. ஆயினும் போதிய நிலமின்மையும் செலுத்தவேண்டிய தவணைப் பணமும் உழவரை வறுமையிலேயே வைத்திருந்தன. 1873இல் சமாரா மாகாணத்தில் பஞ்சம் வந்தபோது, அவர் வீடுவீடாகச் சென்று, எஞ்சியிருந்த தானியத்தையும் கால்நடைகளையும் கணக்கெடுத்துப் பத்திரிகைக்கு எழுதினார். அவ்வேண்டுகோளின் பயனாகப் பெருந்தொகை திரண்டது.

1891இல் பெருவறட்சி ஏற்பட்டது. வொல்கா நதிப் பிரதேசத்திலும் மத்திய மாகாணங்களிலும் பயிர் கருகியது. களைவிதைகளை மாவோடு கலந்து சுட்ட கறுத்த பாணே பல வீடுகளில் உணவாயிற்று. அரசாங்கமோ பஞ்சம் என்ற சொல்லையே பத்திரிகைகள் எழுதுவதை விரும்பவில்லை.

அப்பொழுது டால்ஸ்டாயின் உள்ளத்தில் ஒரு போராட்டம் எழுந்தது. உழவரின் உழைப்பை உண்டு வாழும் செல்வர், அதில் ஒரு சிறு பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதனைத் தருமம் என அழைப்பது தம்மைத் தாமே ஏமாற்றுவதாகும் என அவர் கருதியிருந்தார். அக்கருத்தை அவர் பின்னரும் கைவிடவில்லை. ஆனால், நண்பர் இவான் ரயேவ்ஸ்கி அழைத்துச் சென்ற கிராமங்களின் நிலையைக் கண்டபின் வீட்டில் இருக்க அவரால் முடியவில்லை. கொள்கைத் தெளிவு பிறக்கும்வரை குழந்தையின் பசி காத்திராதன்றோ!

தத்யானா, மரியா என்னும் இரு புதல்வியருடன் ரியசான் மாகாணத்துப் பெகிச்செவ்கா கிராமத்தில் சென்று தங்கினார். 1891 நவம்பரில் மனைவி சோபியா பத்திரிகையில் வெளியிட்ட வேண்டுகோளைக் கண்டு நாடெங்கிலுமிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் பணம் வந்தது. ரயேவ்ஸ்கி அதே மாதத்திலே, பனிக்காலப் பயணங்களினிடையே கண்ட காய்ச்சலால் இறந்தார். பணி நின்றுவிடவில்லை. இளைஞரும் யுவதியரும் தொண்டர்களாய் வந்து சேர்ந்தனர்.

உணவுச்சாலைகளை அவர்கள் நடத்திய முறை நம் சிந்தனைக்குரியது. புதிய கட்டடம் எதுவும் எழுப்பப்படவில்லை. கிராமத்து ஏழை வீடொன்றே சமையற்கூடமாயிற்று. மா, கோவா, உருளைக்கிழங்கு, பயறு, விறகு ஆகியவை அங்கே கொடுக்கப்பட்டன. அவ்வீட்டார் சமைத்து அயலவர்க்குப் பரிமாறித் தாமும் உண்டனர். யார் உண்ணவேண்டும் என்ற பட்டியல் ஊரவரைக் கேட்டே எழுதப்பட்டது. 1892 கோடையில் 246 உணவுச்சாலைகளில் 13,000 பேர் வரையில் உண்டனர். குழந்தைகளுக்கென 124 தனிச்சாலைகள் இயங்கின.

உணவோடு பணி முடியவில்லை. குதிரை இல்லாதவன் உழ முடியாது. விதை இல்லாதவன் விதைக்க முடியாது. எனவே குதிரைகளும் தீவனமும் விதைத்தானியமும் விதைகிழங்கும் வழங்கப்பட்டன. வரவு செலவுக் கணக்கு பத்திரிகையில் வெளியிடப்பட்டது.

பஞ்சத்தைப்பற்றி அவர் எழுதிய கட்டுரையைத் தணிக்கையாளர் தடுத்தனர். அது 1892இல் இலண்டன் பத்திரிகையில் வெளிவந்தபோது, அவரைத் தேசத்துரோகி எனத் தூற்றினர். பஞ்சத்தாலும் தொடர்ந்த கொள்ளைநோயாலும் மாண்டவர் ஏறக்குறைய 4 இலட்சம் என்பர். எல்லோரையும் காக்க அவரால் இயலவில்லை. 1893வரை இயன்றதைச் செய்தார்.

1908இல் இந்தியர் ஒருவருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் ‘இன்னா செய்யாமை’ அதிகாரக் குறள்களை அவர் எடுத்தாண்டார். 1910இல் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் அமைத்த, தமிழ்க் குடும்பங்களும் வாழ்ந்த பண்ணைக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அஸ்தாப்பொவோ புகையிரத நிலையத்தில் அவர் உயிர் நீத்தார்.

ஊரைவிட்டுப் புறப்பட்டுப் பாடசாலைக் கட்டடங்களிலே தங்கியிருந்த நாட்களில், யாரோ காய்ச்சிய கஞ்சிக்காகக் கோப்பையை நீட்டி நின்றவர்கள் எம்முட் பலர். அக்கஞ்சியின் சுவை மறந்துபோயிற்று. ஊற்றியவர் எம் முகத்தைப் பார்த்து ஊற்றினாரா, பாராமல் ஊற்றினாரா என்பது மட்டும் மறக்கவில்லை. ஆதலால், பெற்றவனின் மானத்தைக் காத்துக் கொடுத்த இப்பெரியாரின் வரலாறு எமக்கு அந்நியமானதன்று. மாணவச் செல்வங்களே, உண்டியலில் காசு போடும்போது கணக்கைக் கேளுங்கள். உணவு பரிமாறும்போது முகத்தைப் பாருங்கள்.