ருஷ்ய இலக்கியத்துக்கு ஆங்கிலக் கதவைத் திறந்த கான்ஸ்டன்ஸ் கார்னெட்

டால்ஸ்டாயையோ தஸ்தயெவ்ஸ்கியையோ ஆங்கிலத்தில், அதுவும் கொஞ்சம் பழைய பதிப்பில், படித்தவரா நீங்கள்? அப்படியானால் முன்பக்கத்தில் சின்ன எழுத்தில் கான்ஸ்டன்ஸ் கார்னெட் என்ற பெயர் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். மொழிபெயர்ப்பாளர் பெயரை நாம் யாரும் நின்று பார்ப்பதில்லை. இந்தக் காலாண்டில் இவருக்காகக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

1861 டிசம்பரில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில், எட்டுப் பிள்ளைகளில் ஆறாவதாகப் பிறந்தார். சிறு வயதிலேயே இடுப்பு எலும்பில் காசநோய். தாயார் 1875-இல் இறந்துவிட்டார். இத்தனைக்கும் நடுவே உதவித்தொகை பெற்று, கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் பெண்கள் கல்லூரியில் லத்தீனும் கிரேக்கமும் படித்து முதல் வகுப்பில் தேறினார். ஆனால் பட்டம் கிடைக்கவில்லை. அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்க ஆரம்பித்ததே 1948-இல்தான். அதற்கு இரண்டு வருடம் முன்பே இவர் காலமாகிவிட்டார்.

படிப்பு முடிந்து, லண்டனில் ஏழைகள் நிறைந்த கிழக்குப் பகுதியில் நூலகராக வேலை பார்த்தார். 1889-இல் எட்வர்ட் கார்னெட்டைத் திருமணம் செய்துகொண்டார். எட்வர்டுக்குப் பதிப்பகங்களுக்கு வரும் கையெழுத்துப் பிரதிகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலை.

ருஷ்ய மொழி இவர் வாழ்க்கையில் நுழைந்தது 1891-இல். ஜார் ஆட்சியை எதிர்த்ததால் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து தப்பி லண்டன் வந்திருந்த பெலிக்ஸ் வோல்கோவ்ஸ்கி இந்தத் தம்பதிக்கு நண்பரானார். கான்ஸ்டன்ஸ் அப்போது கர்ப்பிணி. ருஷ்ய மொழி படித்துப் பாருங்களேன் என்று யோசனை சொன்னவர் அவர்தான். மசக்கை நேரத்தில் இலக்கணப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் நம்மில் எத்தனை பேர் திறந்து பார்ப்போம்? இவர் பார்த்தார். மகன் டேவிட் 1892 மார்ச்சில் பிறந்தான். இன்னொரு நாடுகடந்த புரட்சிக்காரரான ஸ்டெப்னியாக், மொழிபெயர்ப்பைத் தொழிலாகவே எடுத்துக்கொள்ளும்படி ஊக்குவித்தார். பீட்டர்ஸ்பர்க்கில் காவல்படைத் தலைவரைப் பட்டப்பகலில் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டுத் தப்பியவர் இவர்! 1895-இல் லண்டனில் தண்டவாளத்தைக் கடக்கும்போது ரயில் மோதி இறந்தார்.

1894-இல், இரண்டு வயதுகூட நிறையாத பிள்ளையை விட்டுவிட்டுக் கான்ஸ்டன்ஸ் தனியாக ருஷ்யாவுக்குப் போனார். டால்ஸ்டாயை நேரில் சந்தித்தார். அதே வருடம் அவருடைய முதல் மொழிபெயர்ப்பான கொன்சரோவ் நாவலும் வெளிவந்தது.

பிறகு நாற்பது வருடம் ஓயாத வேலை. துர்கனேவ் 17 தொகுதிகள். 1901-இல் அன்னா கரீனினா, 1904-இல் போரும் அமைதியும். அந்தப் பெரிய நாவல் முடிவதற்குள் கண்பார்வை மிகவும் கெட்டுவிட்டது. நம்மில் யாராக இருந்தாலும் இத்தோடு போதும் என்றிருப்போம். இவர் வழியை மாற்றினார். ருஷ்யாவிலிருந்து வந்திருந்த நதாலி டட்டிங்டன் என்ற இளம்பெண் மூலத்தை வாய்விட்டுப் படிக்க, இவர் காதால் கேட்டு ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். தஸ்தயெவ்ஸ்கியின் 12 தொகுதிகள் 1912-க்கும் 1920-க்கும் இடையில் வந்தன. அடுத்து செகாவ் கதைகள் 13 தொகுதிகள், கோகோல், ருஷ்யாவின் 19-ஆம் நூற்றாண்டு வரலாற்றை உள்ளே இருந்து காட்டும் ஹெர்சனின் நினைவுகள் 6 தொகுதிகள். மொத்தம் சுமார் 70. வீட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்து அவர் வேகமாக எழுதுவதையும், எழுதிய தாள்கள் பக்கத்தில் தரையில் குவிவதையும் நாவலாசிரியர் டி.எச்.லாரன்ஸ் பார்த்திருக்கிறார்.

அந்த வேகம்தான் பிறகு அவருக்குக் கெட்ட பெயரும் வாங்கித் தந்தது. நபக்கோவ் அவருடைய மொழிபெயர்ப்பை வெறுத்தார். கவிஞர் பிராட்ஸ்கியின் புகார் இன்னும் காரமானது: ஆங்கில வாசகர்கள் டால்ஸ்டாய்க்கும் தஸ்தயெவ்ஸ்கிக்கும் வித்தியாசம் தெரியாமல் இருப்பதற்குக் காரணம், அவர்கள் இருவரில் யாரையும் படிக்காமல் கார்னெட்டைப் படித்ததுதான் என்றார் அவர். புகாரில் உண்மை இருக்கிறது. தஸ்தயெவ்ஸ்கியின் மூச்சிரைக்கும், தடுமாறும் நடை இவர் கையில் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி ஆகிவிடுகிறது.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். 1920-களில் பாரிஸில் இருந்த ஹெமிங்வே, போரும் அமைதியும் நாவலைப் பலமுறை தொடங்கிப் பாதியில் விட்டவர். கார்னெட்டின் மொழிபெயர்ப்பு கிடைத்த பிறகுதான் அவரால் முழுவதும் படிக்க முடிந்தது. செகாவிடம் சிறுகதை கற்ற காதரின் மேன்ஸ்ஃபீல்ட், தன் தலைமுறை இவருக்கு எவ்வளவோ கடன்பட்டிருக்கிறது என்று 1921-இல் கார்னெட்டுக்கே கடிதம் எழுதினார். கார்னெட் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நாள் செலவழித்திருந்தால் நாலைந்து அருமையான புத்தகங்கள் கிடைத்திருக்கும். செகாவ் முழுதாகக் கிடைத்திருக்க மாட்டார். ஒருவரை முழுதாகக் கொண்டுவந்து சேர்ப்பதே முதல் வேலை, மெருகு போடப் பின்னால் ஆள் வருவார்கள் என்பது என் கட்சி. அப்படித்தான் நடந்தது. பிறகு வந்தவர்களில் பலர் அவருடைய பிரதியைத் திருத்தித்தான் புதுப் பதிப்பு போட்டார்கள்.

1930-களின் நடுவில் வேலையை நிறுத்திக்கொண்டார். 1937-இல் கணவர் காலமானார். கென்ட் மாவட்டத்தில் இருந்த வீட்டிலும் அதன் தோட்டத்திலும் கடைசிக் காலத்தைக் கழித்து, 1946 டிசம்பர் 17 அன்று, 85 வயது நிறைய இரண்டு நாள் இருக்கும்போது மறைந்தார்.

அவருடைய மொழிபெயர்ப்புகளில் பல இப்போது குட்டன்பர்க் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கைபேசியிலேயே படிக்கலாம். எடுத்த எடுப்பில் போரும் அமைதியும் வேண்டாம். செகாவின் நாய்க்காரச் சீமாட்டி கதையில் ஆரம்பியுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.