டொக்டர் மேரி இரத்தினம் அம்மையார்

ஒரு தமிழரை மணந்ததற்காக மிஷன் ஏற்க மறுத்த வெள்ளைக்காரப் பெண் ஒருவர், அதன்பின் அறுபது வருடங்களுக்கு மேல் இந்த நாட்டை விட்டுப் போகாமல் நம் பெண்களுக்காகவே வாழ்ந்தார். டொக்டர் மேரி இரத்தினம் அம்மையாரை நம்மில் மூத்தவர்கள் அறிவர். இளையவர்கள் பலர் பெயரைக்கூடக் கேட்டிருக்கமாட்டார்கள்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1873இல் மேரி இர்வினாகப் பிறந்தவர் அவர். பெண்கள் வைத்தியம் படிப்பதே அபூர்வமாக இருந்த அக்காலத்தில் டொரன்டோவில் படித்து வைத்தியரானார். ஆண் வைத்தியரிடம் நாடியைக்கூடக் காட்டத் தயங்கிய யாழ்ப்பாணப் பெண்களுக்குப் பெண் வைத்தியர்கள் தேவைப்பட்டனர். அமெரிக்க மிஷன் அவரைத் தெரிந்தெடுத்தது. 1896இல் இலங்கை வந்தார். அமெரிக்காவில் படித்துத் திரும்பிய சாமுவேல் கிறிஸ்மஸ் இரத்தினம் அவர்களை மணந்தார். கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்றே என்று போதித்தவர்களுக்கு இந்தக் கலியாணம் பொறுக்கவில்லை. மிஷன் வாசல் அடைபட்டது. யாழ்ப்பாணத்துக்கு அது நட்டமே.

கொழும்பில் லேடி ஹவ்லொக் பெண்கள் வைத்தியசாலையில் சிறிது காலம் கடமையாற்றியபின், தனியாகவே வைத்தியம் செய்தார். ஐந்து பிள்ளைகளைப் பெற்று வளர்த்ததும் இதனிடையேதான். சேலை உடுத்த தாய்மாரே இரண்டு வேலையையும் சமாளிக்கத் திணறும்போது, கடல் கடந்து வந்த ஒருவர், தாய்வீட்டுத் துணையும் இல்லாமல் எப்படிச் சமாளித்தார் என்று வியக்கிறோம். பிள்ளைகளும் தாயைப் போலவே துணிந்தவர்கள். மகன் ரொபின் லங்கா சமசமாஜக் கட்சியின் ஆரம்பகால உறுப்பினருள் ஒருவர்.

கலாலயத்தை நடத்திவரும் தமிழ் மாதர் சங்கம் 1909இல் உருவானபோதும், பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட சங்கம் 1927இல் கூடியபோதும் அம்மையார் முன்னின்றார். டொனமூர் ஆணைக்குழு முதலில் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே வாக்குரிமையைச் சிபாரிசு செய்தது. 1931இல் இருபத்தொரு வயதான எல்லோருக்கும் அது கிடைத்தது. பாடசாலைப் பிள்ளைகளுக்கென்று அவர் சுகாதார நூலும் மனையியல் நூலும் எழுதினார். தன் உடம்பைப் பற்றி ஒரு பெண்பிள்ளை கேட்பதே வெட்கம் என்றிருந்த காலம் அது. வாக்குச்சீட்டுக்குச் சற்றும் குறையாத காரியமாகவே இது எனக்குப் படுகிறது.

ஆனால் அவர் கைபட்டு வளர்ந்த பெரிய மரம் லங்கா மகிளா சமிதி. அதன் வித்து ஒரு தாயின் துயரம். ஒன்ராறியோவில் அடலெய்ட் ஹூட்லஸ் என்ற தாய் கைக்குழந்தையைப் பறிகொடுத்தார். அசுத்தமான பாலே காரணம் என்று சொல்லப்பட்டது. இதைத் தான் அறிந்திருந்தால் குழந்தை பிழைத்திருக்குமே என்ற வேதனையில், கிராமத்துத் தாய்மாருக்கு வீட்டுச் சுகாதாரம் கற்பிக்க வேண்டுமென்று பேசத் தொடங்கினார். 1897இல் ஸ்ரோனி கிறீக் என்ற ஊரில் முதலாவது மாதர் சங்கம் பிறந்தது. பிறந்த மண்ணின் அந்த முறையை 1930 அளவில் அம்மையார் இங்கே ஊன்றினார். தோட்டம், தையல், நெசவு, குழந்தை வளர்ப்பு எல்லாம் அங்கு பேசப்பட்டன. தலைவியும் காரியதரிசியும் ஊர்ப் பெண்களே. வீட்டு விறாந்தையில் நாலுபேர் முன் வாய் திறவாதவள் கூட்டம் நடத்தப் பழகினாள். கொழும்புச் சீமாட்டிகள் கிராமத்துக்குத் தானம் கொடுக்கப் போகும் வழக்கத்துக்கு இது நேர்மாறு.

பேரப்பிள்ளைகளோடு வீட்டில் இருக்கலாமே என்று ஊர் சொல்லும் வயதில், 1937இல், கொழும்பு மாநகர சபைத் தேர்தலில் நின்று வென்றார். அச்சபைக்குத் தெரிவான முதற் பெண் அவரே. அதே காலத்தில் குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசினார். கண்டனத்துக்குக் குறைவிருக்கவில்லை. ஆண்டுக்கொரு பேறு பார்த்துத் துவண்ட தாய்மாரைக் கட்டிலருகில் நின்று கண்டவருக்கு அது பெரிதாகத் தோன்றியிராது.

1958இல் மக்சேசே விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது, வினோபா பாவே பெற்ற அதே ஆண்டில், பொதுச் சேவைக்கான விருது அம்மையாருக்குக் கிடைத்தது. அப்போது வயது எண்பத்தைந்து.

மகிளா சமிதியில் 1941இல் சேர்ந்து கிராமம் கிராமமாகப் போய் வேலை பழகிய ஒருவர், 1960 ஜூலையில் உலகின் முதலாவது பெண் பிரதமரானார். சிறிமாவோ பண்டாரநாயக்கா அவர்கள் பதவியேற்றதைப் பார்க்கவும் அம்மையார் இருந்தார். 1962இல் காலமானார்.