மந்திரத்துக்கு மசியாத காதல்!

1889-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி. லண்டன் நகரில் ஓர் ஓவியர் வீட்டு வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. இளம் பெண் ஒருத்தி இறங்கினாள். நல்ல உயரம். கண்ணைப் பறிக்கும் அழகு. வயது 22. பெயர் மாட் கோன்.

ஓவியரின் மூத்த மகனுக்கு வயது 23. அவர்தான் வில்லியம் பட்லர் யேட்ஸ். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கவிஞர். அன்று அவரிடம் பணம் இல்லை. பெரிய பெயரும் இல்லை. பார்த்த உடனே மனதைப் பறிகொடுத்தார்.

மாட் கோன் ராணுவ அதிகாரியின் மகள். ஆனாலும் ஆங்கிலேயர் பிடியில் இருந்து அயர்லாந்து விடுதலை பெறவேண்டும் என்று பாடுபட்டவள். நிலத்தை விட்டு விரட்டப்பட்ட ஏழைக் குடியானவர்கள் பக்கம் நின்றவள். அவள் மனதில் நாடு இருந்தது. அவர் மனதில் அவள் இருந்தாள்.

கதை கேட்ட சிறுவன்

யேட்ஸ் பிறந்தது டப்ளின் நகரில், 1865-ல். ஆனால் அவர் மனம் ஒட்டியது தாயாரின் ஊரான ஸ்லைகோவில்தான். அது அயர்லாந்தின் மேற்குக் கடற்கரை ஊர். அங்கே வேலைக்காரர்களும் மீனவர்களும் கதை சொல்வார்கள். மண் மேடுகளுக்குள் "ஷீ" என்ற மாய மக்கள் வாழ்கிறார்களாம். அவர்களுக்கு மூப்பு கிடையாது. ஆசைப்பட்ட மனிதரை மயக்கி அழைத்துப் போய்விடுவார்களாம்.

ஊருக்குப் பக்கத்தில் பென் பல்பென் மலை. கிழவருக்கு நிச்சயம் செய்த பெண்ணோடு ஓடிப்போன டயர்மெட் என்ற வீரன், காட்டுப்பன்றி குத்தி இறந்தது அந்த மலையில்தான் என்பது பழங்கதை. சிறுவன் யேட்ஸ் எல்லாவற்றையும் நம்பினான். வளர்ந்த பிறகும் அந்த நம்பிக்கை முழுதும் போகவில்லை.

மாட் கோன் வந்த அதே ஆண்டில் அவருடைய முதல் பெரிய கவிதை நூல் வந்தது. அதுவும் மாயக் காதல் கதையே. நீவ் என்ற தேவமங்கை, ஒஷீன் என்ற வீரனைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு மூப்பில்லாத நாட்டுக்குப் போகிறாள். 300 ஆண்டுகள் ஓடுகின்றன. அவனுக்குத் தன் மக்களைப் பார்க்க ஆசை வருகிறது. மண்ணில் கால் படக்கூடாது என்று சொல்லி அனுப்புகிறாள். ஊர் வந்தவன் குதிரையில் இருந்து விழுகிறான். உடல் மண்ணைத் தொட்டதும் தொண்டு கிழவன் ஆகிவிடுகிறான்!

ரகசிய சங்கம்

1890-ல் யேட்ஸ், மந்திர வித்தை பயிலும் ரகசிய சங்கம் ஒன்றில் சேர்ந்தார். அதன் பெயர் "பொன் விடியல்". மாட் கோனையும் அதில் சேர்த்தார். ஏரி நடுவே, தீவில் நிற்கும் பழைய கோட்டை ஒன்றை யேட்ஸ் பார்த்து வைத்தார். அயர்லாந்தின் பழைய தெய்வங்களுக்கு அங்கே ஆலயம் அமைக்க இருவரும் திட்டமிட்டார்கள். சடங்குகளை எழுதுவதிலேயே அவர் பல ஆண்டுகள் செலவிட்டார். அந்த வேலை இருவர் மனதையும் ஒன்றாக்கும் என்று நம்பினார். ஆலயம் எழவே இல்லை.

1891-ல் தன்னை மணக்கும்படி கேட்டார். மறுத்தாள். 1899-ல், 1900-ல், 1901-ல் கேட்டார். நண்பர்களாகவே இருப்போம் என்பதே பதில். இந்த ஏக்கத்தில்தான் அவருடைய நல்ல கவிதைகள் பிறந்தன. மணந்துகொண்டால் கவிதை வற்றிவிடும் என்று அவளே நினைத்தாளாம். கேட்பவருக்கு இது என்ன ஆறுதல்?

1902-ல் கிரகரி சீமாட்டியோடு சேர்ந்து எழுதிய நாடகத்தில் மாட் கோன் நடித்தாள். கல்யாண வீட்டுக்கு ஒரு கிழவி வருகிறாள். அந்நியர் தன் நிலத்தைப் பறித்ததைச் சொல்கிறாள். மாப்பிள்ளை மணப்பெண்ணை விட்டுப் போருக்குப் போகிறான். கிழவி இளம் ராணியாகிறாள். அவள்தான் அயர்லாந்து! கூட்டம் உணர்ச்சி வெள்ளத்தில் மிதந்தது. அந்த நாடகம் சில இளைஞர்களைச் சாவுக்கு அனுப்பியதோ என்ற கவலை, பிற்காலத்தில் யேட்சை உறுத்தியது.

1903-ல் மாட் கோன், மக்பிரைட் என்ற போர்வீரரை மணந்தாள். யேட்ஸ் இடிந்துபோனார். இரண்டே ஆண்டில் கணவனும் மனைவியும் பிரிந்தார்கள். 1916-ல் டப்ளினில் புரட்சி வெடித்தது. மக்பிரைடை ஆங்கிலேயர் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கோடையில், 51 வயதில், யேட்ஸ் மறுபடியும் கேட்டார். மறுபடியும் மறுத்தாள்.

பேனா பேசியது

1917 அக்டோபரில், 25 வயதான ஜார்ஜி என்ற பெண்ணை யேட்ஸ் மணந்தார். மணமான சில நாளிலேயே சோர்ந்து உட்கார்ந்தார். ஜார்ஜி பேனாவை எடுத்தாள். ஆவிகள் சொல்லச் சொல்ல எழுதுவதாகச் சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது! கணவன் மனதைத் திருப்பவே முதலில் அப்படிச் செய்ததாகப் பின்னால் ஒப்புக்கொண்டாள். கெட்டிக்காரி! ஆனால் எழுத்து நிற்கவில்லை. ஆயிரக்கணக்கான பக்கங்கள் ஓடியது. அதைக் கொண்டு அவர் ஒரு நூலே எழுதினார். இரண்டு குழந்தைகளும் பிறந்தன.

தாகூரின் கீதாஞ்சலி 1912-ல் ஆங்கிலத்தில் வந்தபோது முன்னுரை எழுதியவர் யேட்ஸ். தாகூருக்கு 1913-ல் நோபல் பரிசு கிடைத்தது. யேட்சுக்கு 1923-ல் கிடைத்தது.

1939 ஜனவரி 28-ந் தேதி பிரான்சு நாட்டில் யேட்ஸ் காலமானார். அங்கேயே அடக்கம் செய்தார்கள். போர் முடிந்தபின் 1948-ல் அயர்லாந்துக் கடற்படைக் கப்பல் சவப்பெட்டியைக் கொண்டுவந்தது. கப்பலின் பெயர் "மாகா". அது பழைய அயர்லாந்துத் தெய்வத்தின் பெயர். பெட்டியில் இருந்தது அவர் எலும்புதானா என்று பின்னால் சந்தேகம் எழுந்தது. அது வேறு கதை.

பென் பல்பென் மலை அடிவாரத்தில் அடக்கம் நடந்தது. அரசின் சார்பில் வந்து நின்றவர் வெளிநாட்டு மந்திரி ஷான் மக்பிரைட். அவர் மாட் கோனின் மகன்.