எல்லா பிழையையும் பிடிக்க முடியாது: ஆலன் டூரிங் அன்றே நிரூபித்தது

போன் அப்டேட்டை ஆட்டோமேட்டிக் டெஸ்ட்கள் சோதித்துத்தான் அனுப்புறாங்க. அப்படியும் பிழை எப்படித் தப்பிக்குது? 1912-ல் லண்டனில் பிறந்த ஆலன் டூரிங் 1936-லேயே பதில் சொல்லிவிட்டார்: எந்த புரோகிராமைக் கொடுத்தாலும் அது கடைசியில் என்ன செய்யும் என்று முன்கூட்டியே சொல்லும் பொதுவழி கிடையாது.

அப்போ டெஸ்டிங் வீணா? இல்லை. இரண்டாம் உலகப்போரில் அவர் வடிவமைத்த பாம்ப் இயந்திரம், எனிக்மா அமைப்புகளை வரிசையாகச் சோதித்து, முரண்படுபவற்றைத் தள்ளியது. பெரிய புரோகிராமில் ஆங்காங்கே எது உண்மையாக இருக்கணும் என்று குறித்துவைத்து, ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் முறையை 1949-ல் கேம்பிரிட்ஜில் விளக்கினார். இன்றைய டெஸ்ட்களில் அசெர்ட் என எழுதுவதும் இதே யோசனைதான்.

1952-ல் தன்பாலின உறவுக்காகத் தண்டிக்கப்பட்டார். 1954-ல் 41 வயதில் இறந்தார். அரச மன்னிப்பு வர 2013 ஆச்சு.