டாக்டர் ஆ. இலக்ஷ்மணசாமி முதலியார்

பெரியோர் சரிதத்தை எழுதப் புகுவார் பலர், அவர் வகித்த பதவிகளையும் பெற்ற பட்டங்களையும் வரிசையாக அடுக்கி, அத்துடன் தம் கடமை முடிந்ததெனக் கருதுகின்றனர். டாக்டர் ஆர்க்காடு இலக்ஷ்மணசாமி முதலியாரவர்கள் திறத்தில் இக்குறை மிகுதியும் நேர்ந்துளது. 27 ஆண்டுகள் சென்னைச் சர்வகலாசாலையின் துணைவேந்தராக வீற்றிருந்தவர் என்ற அளவிலேயே நம்மவருட் பலர் அவரை அறிவர். அப்பெருமை அனைத்திற்கும் வேராக நின்றது பிரசவ ஆஸ்பத்திரியின் கட்டிலருகே அவர் பயின்ற ஒழுக்கமே என்பதை எடுத்துக்காட்டுதல் இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

இவர் 1887ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் கர்நூலில் இரட்டைப் பிள்ளைகளுள் ஒருவராகப் பிறந்தார். உடன்பிறந்தவர், பின்னாளில் மைசூர்த் திவானாகவும் உலக நாடுகளின் சபைகளில் இந்தியாவின் குரலாகவும் விளங்கிய சர். ஆ. இராமசாமி முதலியார். இருவரும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்றனர். பின்னர் ஒருவர் சட்டத்தையும் மற்றவர் வைத்தியத்தையும் தேர்ந்தனர். உருவத்தால் ஒருவரையொருவர் ஒத்திருந்த இவ்விருவரும் தொழிலால் வேறு வேறு வழி சென்று, இரண்டிலும் உச்சியை எட்டியது நம் நாட்டுச் சரித்திரத்தில் அரியதொரு காட்சியாம்.

அந்நாளில் நம் பெண்டிருக்குப் பிள்ளைப்பேறு என்பது மறுபிறப்பாகவே இருந்தது. 1946இல் வெளிவந்த போர் கமிட்டியின் அறிக்கை, இந்தியாவில் உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளுக்கு ஏறத்தாழ 20 தாய்மார் மாள்கின்றனர் என்றும், ஆண்டொன்றுக்கு இறப்பவர் சுமார் 2,00,000 பேர் என்றும் கணித்தது. ஆஸ்பத்திரிக்குச் செல்லுதல் குடும்பத்திற்கு இழிவென்று எண்ணி, மருத்துவச்சியின் கைமுறைகளெல்லாம் தோற்றபின், உயிர் ஊசலாடும் நிலையிற் கர்ப்பிணியை வண்டியிலிட்டுக் கொணர்வோர் பலர். அவ்வாறு வந்தவள் மாண்டால் விதியென்று கூறி அமைவதே உலக வழக்கமாயிருந்தது.

1844இல் தோன்றிய எழும்பூர்ப் பெண்கள் குழந்தைகள் ஆஸ்பத்திரி, அக்காலத்தில் கீழ்நாட்டிலேயே பேர்பெற்ற பிரசவ ஆஸ்பத்திரிகளுள் ஒன்று. அதன் தலைமையும், மருத்துவக் கல்லூரியின் உயர்ந்த ஆசிரியப் பதவிகளும், பெரும்பாலும் இந்தியன் மெடிகல் சர்வீஸைச் சேர்ந்த ஐரோப்பியர்க்கே உரியனவாக வைக்கப்பட்டிருந்தன. மாகாண வைத்திய இலாகாவிலிருந்து வந்த ஓர் இந்தியர் அப்பீடங்களை அணுகுதல் எளிதன்று. முதலியாரவர்கள் கிளர்ச்சியால் அன்றித் தம் வேலையின் நுட்பத்தால் அவ்வழியைத் திறந்தார். எழும்பூர் ஆஸ்பத்திரியின் தலைமை அவரை வந்தடைந்தது. 1939இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்தியத் தலைவராகவும் அமர்ந்தார். 1835இற் பள்ளியாகத் தொடங்கிய அக்கலாசாலை, தன் மண்ணிற் பிறந்த ஒருவரைத் தலைவராகக் காண நூற்றாண்டிற்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அவ்வேலையின் நுட்பம் யாதெனின், ஒவ்வொரு சாவையும் ஒரு வினாவாகக் கொண்டதே என்க. சென்னை நகரில் தாய்மார் இறப்பதன் காரணங்களை ஆராய்ந்து அவர் அரசாங்கத்திற்கு அறிக்கை அளித்தார். கர்ப்பகாலத்து இரத்தசோகையையும் தனியே ஆராய்ந்தார். இரத்தம் குன்றிய உடலினள், வேறொருத்தி தாங்கக்கூடிய சிறு உதிரப்போக்கிற்கும் உயிரிழப்பாள். அவளது நோயைப் பிரசவ வேளையிற் கண்டு பயனில்லை; முன்னரே பரிசோதித்து உணவாலும் மருந்தாலும் அவளைத் தேற்றுதல் வேண்டும். பிரசவத்திற்குப் பின் நஞ்சேறுதலும் அத்தகையதே. கையும் கருவியும் சுத்தமாயின் அதனைப் பெரும்பாலும் தடுக்கலாம். இங்ஙனம் காரணத்தைப் பகுத்துக் காணுமிடத்து, விதியெனப்பட்டவற்றுட் பெரும்பகுதி அசிரத்தையும் அறியாமையுமே எனப் புலனாகும்.

இவ்வனுபவமெல்லாம் திரண்டு 1938இல் பிரசவ வைத்தியம் பற்றிய ஆங்கில நூலாக வெளிவந்தது. மேனாட்டு நூல்கள் மேனாட்டுப் பெண்களையே கண்முன் வைத்து எழுதப்பட்டவை. நம் நாட்டு மாணாக்கன் வார்டிற் காண்பதோ வேறு உடல், வேறு உணவு, வேறு நோய். அவ்விடைவெளியை இந்நூல் நிரப்பிற்று. பின்னர் டாக்டர் கிருஷ்ண மேனன் இணையாசிரியராகச் சேர, பதிப்புப் பதிப்பாகத் திருத்தமுற்று, முதலியார்–மேனன் என்ற இரு பெயராலேயே தலைமுறை தலைமுறையாக மாணாக்கர் அதனை அழைத்து வருகின்றனர்.

1942இல் துணைவேந்தராகித் தொடர்ந்து 1969 வரை அப்பதவியில் இருந்தார். மதுரையில் 1954இலும், கீழ்ப்பாக்கத்தில் 1960இலும், செங்கற்பட்டிலும் திருநெல்வேலியிலும் 1965இலும் மருத்துவக் கல்லூரிகள் தோன்றியது இக்காலத்திலேயாம். வைத்தியர் என்பதால் வைத்தியத்தை மட்டும் பேணினாரல்லர். அழகப்பச் செட்டியாரவர்களின் கொடையால் 1944இல் கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. 1952இல் கோ. நா. இராமச்சந்திரன் என்னும் இளைஞரைப் பௌதிகப் பேராசிரியராக அழைத்து, ஆராய்ச்சிக்கு வேண்டிய வசதிகளை அளித்தார். அவ்விளைஞர், அடையாற்றிலுள்ள தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பெற்ற பொருளை ஆராய்ந்து, தோலுக்கும் எலும்புக்கும் ஆதாரமான கொலாஜன் என்னும் புரதம் மூவிழைப் புரியாக அமைந்ததென 1954இல் உலகிற்கு உணர்த்தினார். தகுதியுடையானைக் கண்டறிந்து கருவியைக் கையிற் கொடுத்து விலகி நிற்றலே தலைவனது கலை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

27 ஆண்டுகள் ஒருவரே ஒரு பீடத்தில் அமர்தல் முறையோ என வினவுவார் உளர். அவ்வினாவை நாம் தள்ளோம். நெடிய ஆட்சி புதியோர்க்கு இடந்தாராது போதலும் உண்டு. ஆயினும் பதவியிலிருந்த காலத்தில் அவர் கைப்பட்ட வேலையை வைத்தே முடிவு கூறுதல் நேர்மையாம்.

அவ்வேலை நாட்டளவிலும் பரந்தது. போர் கமிட்டியில் அங்கத்தினராயிருந்தார். 1959இல் அமைந்த சுகாதார ஆய்வுக் கமிட்டி அவர் தலைமையினாலேயே முதலியார் கமிட்டி என்று பெயர்பெற்றது. புதிய ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பெயரளவிற் பெருக்குமுன், இருப்பவற்றை ஆளாலும் மருந்தாலும் பலப்படுத்துக என்றும், ஜில்லா ஆஸ்பத்திரிகளில் நிபுணரை அமர்த்துக என்றும் அது வற்புறுத்தியது. இது வார்டிற் கற்ற பாடமேயன்றி வேறன்று. 1952–53இல் இடைநிலைக் கல்விக் கமிஷனுக்கும் அவரே தலைவர். உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிர்வாகக் குழுவிற்கு 1949–50இல் தலைமை தாங்கினார். 1961இல் டில்லியிற் கூடிய அதன் பேரவைக்கும் தலைவரானார். 1945இல் சர் பட்டமும், 1954இல் பத்மபூஷணும், 1963இல் பத்மவிபூஷணும் அவரைத் தேடி வந்தன.

1974 ஏப்ரல் 15ஆம் நாள் அவர் இவ்வுலகு நீத்தார். அடையாற்றிற்குத் தெற்கே தரமணியிலுள்ள சர்வகலாசாலையின் அடிப்படை மருத்துவ அறிவியல் நிலையம் அவர் பெயர் தாங்கி நிற்கின்றது. அதனினும் மேலான நினைவுச்சின்னம் ஒன்று கணக்கேட்டில் உளது. 2018–20ஆம் ஆண்டுகளின் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 1,00,000 பிரசவத்திற்கு இறந்த தாய்மார் 54 பேர். முன்னர்க் கூறிய பழைய கணக்கோ 1,00,000க்கு 2,000 ஆகும். இம்மாற்றம் ஒருவரால் விளைந்ததன்று. எண்ணிறந்த வைத்தியர், தாதியர், கிராமச் செவிலியர் ஆகியோரின் உழைப்பாம். ஆயினும் தாயின் சாவை விதியென விடாது காரணம் கேட்கக் கற்பித்த ஆசிரியருள் இவர் முன்வரிசையில் நிற்பவர்.

நம் இல்லங்களில் வைத்தியக் கல்விக்கு இடம் கிடைத்த பிள்ளையை ஊரே கொண்டாடுகின்றது. அக்கொண்டாட்டம் தகும். இடம் கிடைத்தல் தொடக்கம் மட்டுமே என்பதையும், கட்டிலில் கிடப்பவளின் குலம் கேளாது நோயின் காரணத்தையே கேட்கும் உள்ளம் அமைந்தாலன்றிப் பட்டம் வெறும் ஏடாய்விடும் என்பதையும் அப்பிள்ளைக்கு எடுத்துரைப்பது நம் கடன். முதலியாரவர்களின் திருவுருவப் படத்தைச் சுவரில் மாட்டுவதினும், இதுவே அவருக்கு நாம் செய்யும் உண்மையான வழிபாடாகும்.