திரைக்குப் பின்னால் ஒரு மனிதர்

நுழையும்முன்

மாயக்கதைகளுக்கென நெடுங்கால மரபு ஒன்று உண்டு. இளவரசன் வீரம் காட்டுவான். இளவரசி மீட்புக்காகக் காத்திருப்பாள். மந்திரவாதி எல்லாம் வல்லவனாக இருப்பான். தீயோர் கொடுந்தண்டனை பெற, கதை ஒரு நீதியைக் கூறி முடியும். இம்மரபை மாற்றி, எளிய உழவர் வீட்டுச் சிறுமியைக் கதைத்தலைவியாக்கியவர் அமெரிக்க எழுத்தாளர் எல். பிராங்க் பாம். நாற்பது வயதுவரை பல தொழில்களில் தோல்வி கண்ட அவர், அத்தோல்விகளையே தம் கற்பனைக்கு எருவாக்கிக் கொண்டார். அவருடைய வாழ்க்கையையும் படைப்பையும் அறிவோம்.

அச்சுப்பொறியுடன் விளையாடிய சிறுவன்

லைமன் பிராங்க் பாம், 1856ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள சிட்டனாங்கோ என்னும் சிற்றூரில் பிறந்தார். லைமன் என்ற பெயரை அவர் விரும்பவில்லை. பிராங்க் என்று அழைக்கப்படுவதையே விரும்பினார். மரப்பீப்பாய் செய்து வாழ்ந்த தந்தை பெஞ்சமின் பாம், பின்னர் எண்ணெய்க் கிணறுகளில் பொருளீட்டிச் செல்வரானார். ரோஸ் லான் என்னும் பரந்த தோட்ட இல்லத்தில் பிராங்க் வளர்ந்தார்.

இளமையிலேயே அவருடைய இதயம் வலுவற்றிருந்தது. ஓடியாடி விளையாட இயலாத சிறுவனுக்குப் புத்தகங்களும் கற்பனையுமே தோழர்களாயின. கனவிலேயே காலம் கழிக்கும் மகனைத் திருத்த எண்ணிய பெற்றோர், அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது படைத்துறைப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் சேர்த்தனர். அங்கு நிலவிய கடுமை அவருடைய உடலுக்கும் உள்ளத்திற்கும் ஒவ்வவில்லை. இரண்டு ஆண்டுகளில் நோயுற்று வீடு திரும்பினார். வாளேந்திய வீரர்களை அவர் தம் கதைகளில் பெரும்பாலும் நகைப்புக்குரியவர்களாகவே படைத்தமைக்கு இப்பட்டறிவும் ஒரு காரணம் எனலாம்.

மகனின் ஆர்வத்தை உணர்ந்த தந்தை சிறிய அச்சுப்பொறி ஒன்றை வாங்கித் தந்தார். பிராங்க் தம் தம்பியுடன் சேர்ந்து தம் இல்லத்தின் பெயரிலேயே ஓர் இதழை அச்சிட்டு வெளியிட்டார். எழுத்தின்மீது அவர் கொண்ட காதல் அங்கே வேர்விட்டது.

பல தொழில், பல தோல்வி

இளைஞரான பாம் ஒரு தொழிலில் நிலைத்து நிற்கவில்லை. ஹாம்பர்க் வகைக் கோழிகளை வளர்த்தார். அவர் எழுதி 1886இல் வெளிவந்த முதல் நூல் அக்கோழி வளர்ப்பைப் பற்றியதேயாகும். நாடகத்தின்மீதும் தீராத ஆர்வம் கொண்டிருந்தார். 1882இல் அரன் தீவின் நங்கை என்னும் பொருள்படும் இசைநாடகத்தை எழுதி, பாடல்களுக்கு இசையமைத்து, முதன்மை வேடத்தில் தாமே நடித்து ஊர் ஊராக நிகழ்த்தினார்.

அதே ஆண்டில் மாட் கேஜ் என்னும் மங்கையை மணந்தார். மாட் கேஜின் தாயார் மெட்டில்டா ஜாசலின் கேஜ், பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய முன்னோடிகளுள் ஒருவர். பாம் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்த கதைகளை எழுத்தில் வடிக்குமாறு தூண்டியவர் அவரே. பெண்கள் அறிவிலும் ஆற்றலிலும் குறைந்தவர் அல்லர் என்னும் அவருடைய கொள்கை மருமகனின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

1888இல் குடும்பத்துடன் மேற்கே தக்கோட்டா நிலப்பகுதியின் அபர்டீன் நகருக்குக் குடிபெயர்ந்த பாம், அங்கே பல்பொருள் அங்காடி ஒன்றைத் திறந்தார். வறட்சியால் உழவர்கள் நலிந்திருந்த காலம் அது. கடனுக்குப் பொருள் கேட்டவர்களுக்கு மறுக்க மனமில்லாமல் கொடுத்தார்; கடன் திரும்பவில்லை. 1890ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே கடை மூடப்பட்டது. அடுத்து ஒரு வார இதழை ஏற்று நடத்தினார். அதுவும் 1891இல் நின்றுபோனது. மழை பொய்த்த சமவெளியும், வெயிலில் வெளிறிய புல்லும், சிரிப்பை மறந்த உழவர் முகங்களும் அவர் நெஞ்சில் தங்கின. அவையே பின்னாளில் அவருடைய கதையின் தொடக்கத்தில் வரும் சாம்பல் நிறக் கேன்சஸ் நிலமாக உருவெடுத்தன.

எழுத்தில் படிந்த கறை

அபர்டீன் காலத்தில் நிகழ்ந்த ஒன்றை மறைத்துவிட்டு பாமின் வாழ்வைக் கூறுதல் நேர்மையாகாது. அம்மண்ணின் தொல்குடியினரான லகோட்டா மக்களின் தலைவர் சிட்டிங் புல் 1890 டிசம்பரில் கொல்லப்பட்டார். சில நாள்களில் ஊண்டட் நீ என்னுமிடத்தில் பெண்களும் குழந்தைகளும் உட்பட லகோட்டா மக்கள் பலர் படைவீரர்களால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்நாள்களில் பாம் தம் இதழில் எழுதிய இரு தலையங்கங்கள், தொல்குடியினரை அடியோடு அழித்துவிட வேண்டும் என்னும் கொடிய கருத்தை முன்வைத்தன.

பெண்ணுரிமையை ஆதரித்தவர், குழந்தைகளுக்கு அன்பின் கதைகளைச் சொன்னவர், தம் அண்டையில் வாழ்ந்த ஓர் இனத்தின் துயரைக் காணத் தவறினார். வெள்ளையர் குடியேற்றக் காலத்தில் பலரும் இவ்வாறே எண்ணினர் என்பது விளக்கமாகலாம், நியாயம் ஆகாது. பாமின் வழித்தோன்றல்கள் 2006ஆம் ஆண்டில் அம்மக்களிடம் இதற்காக மன்னிப்புக் கோரினர். படைப்பைப் போற்றும்போதே படைத்தவரின் பிழையையும் அறிந்திருத்தல் தேர்ந்த வாசகரின் கடமையாகும்.

சாளரத்தில் கற்ற பாடம்

1891இல் பாம் சிகாகோ நகரை அடைந்தார். பீங்கான் பொருள்களை ஊர் ஊராகக் கொண்டுசென்று விற்கும் முகவராகப் பணியாற்றினார். 1893இல் சிகாகோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சிக்காக எழுப்பப்பட்ட மாளிகைகள் வெண்ணிறத்தில் ஒளிர்ந்தன. காண்போர் அவற்றைப் பளிங்கு என்று வியந்தனர். பெரும்பாலானவை சாந்துக் கலவை பூசிய தற்காலிகக் கட்டடங்களே. பாமின் கதையில் வரும் மரகத நகரத்திற்கு இவ்வெண்ணகரமும் தூண்டுதலாக அமைந்தது என ஆய்வாளர் கருதுவர்.

பயணத்தைக் கைவிட்ட பாம், கடைகளின் கண்ணாடிச் சாளரங்களில் பொருள்களை அழகுறக் காட்சிப்படுத்தும் கலைக்கென 1897இல் ஓர் இதழைத் தொடங்கினார். ஒளியாலும் வண்ணத்தாலும் நகரும் பொம்மைகளாலும் எளிய சரக்கையும் வியப்புக்குரியதாக்கும் உத்திகளை அதில் விளக்கினார். கண்ணைக் கவரும் தோற்றத்திற்குப் பின்னால் சில கம்பிகளும் அட்டைகளும் ஒரு மனிதரின் உழைப்பும் மட்டுமே இருப்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

அதே ஆண்டில் குழந்தைகளுக்கான அவருடைய முதல் நூல் வெளிவந்தது. 1899இல் ஓவியர் டபிள்யூ. டபிள்யூ. டென்ஸ்லோவுடன் இணைந்து வெளியிட்ட பாடல் நூல் பெருவிற்பனை கண்டது. அவ்வாண்டு அக்டோபரில் மற்றொரு கதையை எழுதி முடித்த பாம், அதை எழுதிய தேய்ந்த பென்சிலைச் சட்டமிட்டு மாட்டி வைத்தார். அக்கதையே 1900இல் வெளிவந்த ஓஸ் நாட்டின் அற்புத மந்திரவாதி. வண்ணப்படங்களை அச்சிடுவதற்கான அச்சுத்தகடுகளின் செலவைப் பாமும் டென்ஸ்லோவும் தாமே ஏற்றனர்.

மரபை மாற்றிய கதை

சூறாவளியால் தூக்கிச் செல்லப்பட்ட டோரத்தி என்னும் சிறுமி ஓஸ் நாட்டில் விழுகிறாள். வீடு திரும்ப வழி கேட்டு, மரகத நகரத்து மந்திரவாதியைக் காணப் புறப்படுகிறாள். மூளை வேண்டும் வைக்கோல் பொம்மையும், இதயம் வேண்டும் தகர மனிதனும், துணிவு வேண்டும் சிங்கமும் வழித்துணையாகின்றனர்.

பழைய மாயக்கதைகளில் அச்சமூட்டும் நிகழ்வுகள் நீதியைப் புகட்டுவதற்காகவே இடம்பெற்றன. இக்காலக் குழந்தைக்கு மகிழ்ச்சி தரும் கதையே போதும் என்று பாம் தம் முன்னுரையில் அறிவித்தார். அதன்படி பழைய மரபுகளை ஒவ்வொன்றாக மாற்றினார். சூனியக்காரி என்றாலே தீயவள் என்னும் வழக்கை விலக்கி, நல்ல சூனியக்காரியரையும் படைத்தார். போரிட்டு வெல்லும் இளவரசனுக்கு மாற்றாக, ஒரு வாளி நீரால் கொடியவளைக் கரைத்துவிடும் சிறுமியைப் படைத்தார். அந்நீரையும் அவள் கொல்லும் எண்ணத்தோடு ஊற்றவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் மந்திரவாதியிடத்தில் நிகழ்கிறது. பெருந்தலையாகவும் அழகிய பெண்ணாகவும் கொடிய விலங்காகவும் தீப்பந்தாகவும் தோன்றி நால்வரையும் மிரட்டிய அவர், டோரத்தியின் நாய்க்குட்டி ஒரு தடுப்புத்திரையைத் தள்ளிவிட்டதும் வெளிப்படுகிறார். அங்கே நிற்பவர் வழுக்கைத் தலையுடைய சிறிய முதியவர். பலூனில் பறந்து காட்டும் வித்தைக்காரர். மரகத நகரமும் உண்மையில் முழுவதும் பச்சை இல்லை. அந்நகர மக்கள் அணிந்திருக்கும் பச்சைக் கண்ணாடிகளே அவ்வாறு காட்டுகின்றன. சாளரக் கலைஞரின் பட்டறிவு இங்கே கதையாகக் கனிகிறது.

மந்திரவாதி பொய்யர் எனில் நால்வரின் வேட்கை என்னாகும்? அவர்கள் தேடியவை முன்பே அவர்களிடம் இருந்தன. இடர் வரும்போதெல்லாம் வழி கண்டவன் மூளை வேண்டிய வைக்கோல் பொம்மை. வண்டை மிதித்ததற்கும் கண்ணீர் விடுபவன் இதயம் வேண்டிய தகர மனிதன். அஞ்சியபடியே நண்பர்களுக்காகப் பாய்ந்தது துணிவு வேண்டிய சிங்கம். டோரத்தியை வீட்டுக்குக் கொண்டுசேர்க்கும் ஆற்றலும் முதல் நாளிலிருந்தே அவள் காலணிகளில் இருந்தது. ஆற்றல் அரியணையில் இல்லை, நடப்பவரிடம் உள்ளது என்பதைப் பாம் அறிவுரையாகக் கூறாமல் நிகழ்வுகளால் உணர்த்தினார்.

தெரிந்து தெளிவோம்

டோரத்தி அணிந்த காலணிகள் நூலில் வெள்ளிக் காலணிகள். 1939இல் வெளிவந்த வண்ணத் திரைப்படம் அவற்றைச் செம்மணிக் காலணிகளாக மாற்றியது. திரைப்படத்தில் ஓஸ் நாட்டுப் பயணம் ஒரு கனவாகக் காட்டப்படுகிறது. நூலிலோ அது உண்மை நிகழ்வாகவே அமைந்துள்ளது.

முடிக்க விடாத வாசகர்கள்

1902இல் இக்கதை இசைநாடகமாகிப் பெரும்புகழ் பெற்றது. 1904இல் வெளிவந்த இரண்டாம் நூலில் பாம் மேலும் துணிந்தார். டிப் என்னும் சிறுவனே கதைத்தலைவன் என வாசகர் நம்பியிருக்க, இறுதியில் அவன் சூனியத்தால் உருமாற்றப்பட்ட இளவரசி ஓஸ்மா எனத் தெரியவருகிறது. அந்நாட்டின் அரியணை ஒரு பெண்ணுக்கு உரியதாகிறது.

புகழ் வந்தபோதும் பொருள் நிலைக்கவில்லை. 1908இல் திரைப்படமும் நடிப்பும் இசையும் கலந்த புதுமையான நிகழ்ச்சியுடன் பாம் பயணம் செய்தார். அரங்குகள் நிறைந்தும் செலவை ஈடுகட்ட இயலவில்லை. 1911இல் அவர் நொடித்துப்போனதாக அறிவிக்க நேர்ந்தது. இதற்கிடையில் ஓஸ் கதைகளை முடித்துவிட எண்ணி, 1910இல் வெளிவந்த ஆறாம் நூலில் அந்நாட்டை வெளியுலகின் கண்ணுக்குப் புலப்படாதவாறு மறைத்துவிட்டார். குழந்தைகள் விடவில்லை, கடிதங்கள் குவிந்தன. கம்பியில்லாத் தந்தி வழியே ஓஸ் நாட்டுச் செய்திகளைப் பெறுவதாகக் கூறிக்கொண்டு 1913இல் தொடரை மீண்டும் தொடங்கினார்.

ஹாலிவுட்டில் வாழ்ந்த இறுதி ஆண்டுகளில் நோய் முற்றியது. படுக்கையில் இருந்தபடியே எழுதினார். 1919ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் தம் 62ஆம் வயதில் மறைந்தார். அவர் எழுதிய ஓஸ் நூல்கள் பதினான்கு; இறுதி நூல் அவர் மறைவுக்குப்பின் 1920இல் வெளிவந்தது.

கோழிப்பண்ணை, நாடக மேடை, அங்காடி, இதழ் எனப் பாம் நடந்த வழியெங்கும் தோல்விகள் இருந்தன. ஆயினும் வறண்ட சமவெளியும் கடைச் சாளரமும் ஓஸ் நாட்டுக்குள் புதுவடிவம் பெற்றன. பெருந்தோற்றம் கண்டு அஞ்சாமல் திரையை விலக்கிப் பார்க்கும் துணிவை அவருடைய கதை குழந்தைகளுக்கு அளித்தது. அதே துணிவுடன் அவருடைய வாழ்வையும் நாம் நோக்கும்போது, நிறையும் குறையும் உடைய ஒரு மனிதர் நம்முன் நிற்கிறார்.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் கேட்ட மாயக்கதை ஒன்றின் மரபான முடிவை மாற்றி எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.
2. படைப்பாளரின் வாழ்க்கைப் பிழைகளை அறிந்தபின் அவருடைய படைப்பை அணுகும் முறை குறித்துக் கலந்துரையாடுக.
3. பாமின் வாழ்க்கைப் பட்டறிவுகள் ஓஸ் கதையில் இடம்பெற்றுள்ள திறத்தை அட்டவணைப்படுத்துக.