வாதாபி கொண்ட மாமல்லன்

செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள படூரினின்று தெற்கே கடலை ஒட்டிச் செல்வார் மாமல்லபுரத்தை அடைவர். அங்குள்ள ஆதிவராகர் குகைக்கோயிலில் இரு மன்னர் தேவியரோடு நிற்கும் சிற்பங்கள் உள. அவற்றின்மேல் சிம்மவிண்ணன், மகேந்திரன் என்னும் பெயர்கள் பொறிக்கப்பெற்றுள்ளன. சிம்மவிண்ணன் மகேந்திரனின் தந்தை. மகேந்திரன் மைந்தனே நரசிம்மவர்மன். மாமல்லன் என்பது அவன் பட்டப்பெயர். ஊரின் பெயரும் அதுவேயாயிற்று.

மகேந்திரன் கலைவல்லான், ஆயினும் போரில் இடருற்றான். சளுக்க வேந்தன் இரண்டாம் புலிகேசி வடக்கே ஹர்ஷனையும் தடுத்து நிறுத்திய பெருவீரன். அவன் பல்லவ நாட்டினுட் புகுந்து, மகேந்திரனைக் காஞ்சியின் மதிலுக்குள் ஒடுங்கச் செய்தான். 634ஆம் ஆண்டின் ஐஹொளெக் கல்வெட்டு இதனைப் பெருமிதத்துடன் கூறுகின்றது. பல்லவர் பட்டயமோ புள்ளலூரில் மகேந்திரனே வென்றான் என்கின்றது! தோல்வியைக் கல்லில் வெட்டுவோர் எந்நாட்டிலும் அரியர். எனினும் வடபகுதிகள் பல்லவர் கைவிட்டுப் போயின என்பதில் ஐயமில்லை.

630ஆம் ஆண்டளவில் அரியணை ஏறிய மாமல்லனுக்குத் தந்தை விட்டுச்சென்றது இவ்விழுக்கே. புலிகேசி மீண்டும் படையெடுத்தான். பரியலம், மணிமங்கலம், சூரமாரம் என்னும் மூவிடத்தும் மாமல்லன் அவனை முறியடித்தான். மணிமங்கலம் தாம்பரத்துக்கு மேற்கே இன்றும் அப்பெயருடனே விளங்கும் ஊராகும். தலைநகருக்கு அத்துணை அண்மையில் பகைவன் வந்திருந்தான்! புறமுதுகிட்ட புலிகேசியின் முதுகையே பட்டயமாகக் கொண்டு, அதில் வெற்றி என்னும் சொல்லை மாமல்லன் எழுதினான் எனக் கூரம் செப்பேடு புனைந்துரைக்கின்றது.

பகைவனைத் துரத்தியதோடு அவன் அமைந்திலன். 642இல் பல்லவப் படை வாதாபியைக் கைப்பற்றியது. அங்குள்ள பாறையொன்றில் மாமல்லனின் கல்வெட்டை இன்றும் காணலாம். அப்படையை நடத்தியவர் பரஞ்சோதியார். அவர் சிவனடியார் என்பதைப் பின்னர் அறிந்த மன்னன், அடியாரைப் போர்த்தொழிலில் ஏவினோமே என வருந்திப் பெரும்பொருள் தந்து விடைகொடுத்தான் என்பது பெரியபுராணச் செய்தி. அவரே சிறுத்தொண்டர்.

வாதாபிப் போருக்குச் சற்று முன்னர், 640ஆம் ஆண்டளவில், சீனத் துறவி யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தார். நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களையும் 10,000 துறவியரையும் அங்குக் கண்டதாக எழுதியுள்ளார். அரசிழந்து வந்த இலங்கை இளவரசன் மானவர்மனுக்குப் புகலிடம் அளித்தவனும், கப்பலும் படையும் ஈந்தவனும் மாமல்லனே.

சளுக்கர் இவ்வடுவை மறந்திலர். புலிகேசியின் மகன் விக்கிரமாதித்தன் 655ஆம் ஆண்டளவில் தன் குடியின் அரியணையை மீட்டான். மாமல்லன் 668இல் மறைந்தபின், அவன் பேரன் பரமேசுவரவர்மன் காலத்தில், விக்கிரமாதித்தன் காஞ்சியின்மேற் பாய்ந்து, காவிரிக்கரை உறையூர் வரை வந்தான். பரமேசுவரவர்மன் பெருவளநல்லூரில் அவனை எதிர்த்து நின்று புறங்கண்டான்.